புல்மலைக் கப்பலில் சில கோடைகள்

"துணி மடிக்கிறதுக்கா தாயி பதுளைக்குப் போயி அவ்வளவு படிச்ச?"

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெரிய கங்காணி இதைக் கேட்டபோது சிரிக்கவில்லை. கேலியாகக் கேட்டிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். அவர் உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பியவர்போல, வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு காத்து நின்றார். என் பெட்டியைத் தலையில் வைத்திருந்த அப்பா, "வர்றோங்க கங்காணி" என்று மட்டும் சொல்லி நடக்கத் தொடங்கினார். நானும் பின்னால் நடந்தேன்.

வெள்ளைக்காரக் கடற்படைக்காரர்களின் மலை முகாமில், நோயாளர் கொட்டகையின் துணி அறையில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. அந்த முகாம் இப்போது கலைந்துவிட்டது. நான் சாவிகளை ஒப்படைத்துவிட்டேன். இப்படிப்பட்ட நினைவுக் கட்டுரைகளைத் தலை நரைத்தவர்கள் எழுதுவதுதான் வழக்கம். எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. ஆனால் நான் செய்த வேலை இன்று எங்கும் இல்லை. அதனால் எழுதலாம் என்று நினைக்கிறேன்.

எழுதச் சொல்லிக் கேட்டவர்கள், நான் படித்த பதுளைப் பள்ளிக்கூடத்துப் பெண்கள். பெரிய வகுப்புப் பிள்ளைகளைச் சித்திரை விடுமுறையில் தோட்டங்களுக்கு அனுப்பி வேலை பழக்கப் போகிறார்களாம். அதை எப்படி நடத்துவது என்று தலைமை ஆசிரியை யோசித்துக்கொண்டிருக்கிறார். பிள்ளைகளில் ஒருத்தி என்னைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, கப்பல்ல போறவங்களுக்கு மலையில என்னக்கா பாடம்?" என்றாள். நல்ல கேள்வி. நானும் முதலில் அதைத்தான் கேட்டேன்.

என் படிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பா தோட்டத்துத் தப்பால்காரர். தினமும் பதுளைக்கு நடந்து போய்க் கடிதப் பையை வாங்கித் துரை பங்களாவில் கொடுப்பது அவர் வேலை. ஊரார் கடிதமெல்லாம் சுமந்தவருக்கு ஓர் எழுத்துத் தெரியாது. அந்தக் கோபத்தில்தான் அவர் என்னை மிஷன் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டார் என்று நினைக்கிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டியவள் நான்தான். தமிழும் இங்கிலீஷும் தையலும் கற்றேன். முதல் பரிசும் வாங்கினேன். அதில் எனக்குப் பெருமை உண்டு. அதை மறைக்க எனக்கு வராது.

முகாம் பண்டாரவளைக்கு அப்பால் ஒரு புல்மலையின் மேல் இருந்தது. நீண்ட தகரக் கொட்டகைகள், நடுவில் ஒரு கொடிமரம், கொடிமரத்தடியில் ஒரு வெண்கல மணி. எந்தப் பக்கம் திரும்பினாலும் மலைதான். அதற்குள் இருந்தவர்கள் மட்டும் நடுக்கடலில் மிதப்பவர்களாகவே நடந்துகொண்டார்கள். தரையை மேல்தட்டு என்பார்கள். வாசலுக்கு வெளியே போவது கரையிறங்குவது. பண்டாரவளைக்குப் போய்வரும் மாட்டுவண்டிக்குப் பெயர் படகு. மணி அடிக்குமுன் அதில் ஏறாதவன் படகைத் தவறவிட்டவன். அவன் நடந்து வந்து வாசலில் நின்றாலும் கப்பல் போய்விட்டதென்று எழுதித் தண்டனை கொடுப்பார்கள். வண்டிக்காரர் காசிம் நானா முதல் நாளே என்னிடம் சொன்னார்: "எங்கட மாட்டுக்கு இன்னும் தெரியாது தங்கச்சி, தான் படகு இழுக்கிறன் என்டு. தெரிஞ்சா புல்லுக் கேக்காது, மீன் கேக்கும்."

இனி அந்தப் பயிற்சி. கடற்படைக் கல்லூரியில் படிக்கும் பையன்கள் வருடம் முழுவதும் கணக்கும் நட்சத்திரமும் இயந்திரமும் புத்தகத்தில் படிப்பார்கள். கோடையில் புத்தகத்தை மூடச் சொல்லிக் கப்பலில் ஏற்றிவிடுவார்கள். அப்படி வரும் கப்பல் கொழும்பில் நிற்கும் வாரங்களில் பையன்களில் ஒரு கூட்டம் ரயிலேறி எங்கள் மலைக்கு வரும். துப்பாக்கி சுடுவதும் நிலம் அளப்பதும் நெடுந்தூரம் நடப்பதும் இங்கே. கப்பலில் செய்யும் மற்ற வேலைகளும் இங்கே தொடரும்.

முதல் கோடைக்கு வருகிறவன் எவ்வளவு பெரிய வீட்டுப் பிள்ளையானாலும் கடைசி மாலுமிதான். முழங்காலிட்டுத் தரை தேய்ப்பான். வெலிமடையிலிருந்து வரும் காய்கறியை மூட்டை மூட்டையாக நறுக்குவான். தன் துணியைத் தானே துவைத்து, கிழிந்ததைத் தானே தைத்து, ஒவ்வொன்றிலும் தன் பெயரை நூலால் எழுதவேண்டும். உத்தரத்தில் கட்டிய துணித் தொட்டிலில் தூங்கவேண்டும். அவனை அதட்டுகிறவர் கையெழுத்துப் போடவே சிரமப்படும் ஒரு கிழ மாலுமி. நாளைக்கு அவரே இவனுக்குச் சலாம் வைக்கவேண்டி வரும். அது இரண்டு பேருக்கும் தெரியும். இருந்தும் அதட்டலில் குறைவிராது.

இரண்டாம் கோடையில் அவன் கையில் சில புதுப் பையன்களைக் கொடுப்பார்கள். அதுதான் மிகவும் கடினம் என்று அவர்களே சொல்வார்கள். அவன் தப்பாக உத்தரவிட்டால் கிழ மாலுமி தடுக்கமாட்டார். கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நிற்பார். தப்பு முழுதாக நடந்து முடிந்த பிறகுதான் வாயைத் திறப்பார். மூன்றாம் கோடையில் தனியாக விடுவார்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

தோட்டத்தில் பிறந்த எனக்கு இது அதிசயமாக இருந்தது. எங்களிடத்தில் துரையாகப் போகிறவர் துரையாகவே கப்பலிலிருந்து இறங்குவார். கங்காணி மகன் கங்காணி. கொழுந்து எடுக்கிறவள் எத்தனை வருடம் எடுத்தாலும் கொழுந்து எடுக்கிறவள்தான். கீழே தொடங்குகிறவர்கள் எங்களிடம் ஏராளம். கீழே தொடங்கியவனுக்கு மேலே போகப் படி கட்டி வைத்திருந்ததை நான் அந்த முகாமில்தான் கண்டேன். எனக்கும் அந்தப் படி வேண்டும் என்று ஆசை வந்தது. வெள்ளுடை மடிப்பவளாக இல்லாமல், அதை உடுத்து நோயாளியின் பக்கத்தில் நிற்பவளாக, முறையாகப் பழக்கப்பட்ட ஒரு நர்ஸாக வேண்டும். அந்த வருடங்களில் எனக்கு வேறு ஆசையே இருக்கவில்லை.

கொட்டகைக்குப் பொறுப்பானவர் ஒரு வெள்ளைக்கார நர்ஸ். எல்லாரும் சிஸ்டர் என்போம். குள்ளமானவர், வேகமாக நடப்பார், ஒரு முழங்கால் மட்டும் மழைக்காலத்தில் மக்கர் பண்ணும். குரலை உயர்த்தமாட்டார். பாராட்டவும் மாட்டார். செய்த வேலையைப் பார்ப்பார். பிழை இருந்தால் சொல்வார். இல்லாவிட்டால் ஒன்றும் சொல்லாமல் அடுத்த வேலையைக் கொடுப்பார். அந்த மௌனத்துக்காக நான் ஏங்கிய நாட்கள் உண்டு.

அவரிடம் ஒரு கப்பல் பழக்கம் இருந்தது. எந்த உத்தரவையும் வாங்கியவள் அதை முழுதாகத் திருப்பிச் சொன்ன பிறகே நகரவேண்டும். "பெரிய போர்வைகளை வெயிலில் போடு, மதியத்துக்கு முன் எடு" என்றால், நான் நின்று, "பெரிய போர்வைகளை வெயிலில் போடுகிறேன், மதியத்துக்கு முன் எடுக்கிறேன்" என்று சொல்லவேண்டும். முதல் பரிசு வாங்கியவளைச் செவிடாக நினைக்கிறாரா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு ஒருநாள் முகாமுக்குத் தலைவரான கமாண்டரே சிஸ்டர் சொன்னதை அப்படித் திருப்பிச் சொல்வதைக் கேட்டேன். கடலில் காற்று பாதிச் சொல்லைத் தூக்கிப்போய்விடும். மீதியை வைத்துக்கொண்டு எவனும் வேலை செய்யக்கூடாது. அவ்வளவுதான் விஷயம்.

மூன்றாவது வருடம் தைரியம் வந்து கேட்டேன். "சிஸ்டர், பையன்களைப் பழக்குகிறீர்கள். என்னையும் பழக்குங்கள்."

"எதற்கு?"

"நர்ஸாவதற்கு."

என் முகத்தைப் பார்க்கவில்லை, கைகளைப் பார்த்தார். "அவர்களுக்கு உள்ளது போல மூன்று கோடை. நடுவில் முகம் சுளித்தால் துணி அறைக்குத் திரும்பிவிடவேண்டும். மூன்றும் முடித்தால் உன்னை நானே பயிற்சிப் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன்."

நான் அதை அப்படியே திருப்பிச் சொன்னேன். மறுநாள் காலை என் கையில் மலச்சட்டியைக் கொடுத்தார்.

செய்தி எப்படியோ தோட்டத்துக்குப் போய்விட்டது. அடுத்த முறை வீட்டுக்குப் போனபோது அம்மா சோற்றைப் போட்டுவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார். "அந்தச் சட்டியெல்லாம் நீ அள்ளுறியாமே. வெளியில தெரிஞ்சா உன்ன எவன் கட்டுவான்?"

"தெரிஞ்சவனே கட்டட்டும்மா."

"வாய்க்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல."

அப்பா சாப்பிட்டுக்கொண்டே, "அவ கை, அவ வேலை. நீ ரசம் ஊத்து" என்றார். அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது. எனக்கும் அந்தச் சட்டி முதல் நாள் அருவருப்பாகத்தான் இருந்தது. ஆனால் முகம் சுளிக்கவில்லை. நான் துணி அறைக்கு வந்த முதல் கோடையில், பென்டன் என்ற ஒல்லிப் பையன் கக்கூஸ் தரையைத் தேய்த்துக்கொண்டே சீட்டியடித்ததைப் பார்த்திருக்கிறேன். அவன் தகப்பன் ஊரில் பெரிய பிரபுவாம். அவனால் முடிந்தது என்னால் முடியாதா என்ன.

மூன்று கோடையும் எங்கள் மலைக்கே வந்த சிலரில் இந்தப் பென்டன் ஒருவன். ஊசி நூல் கேட்டுத் துணி அறை வாசலுக்கு வருவான். ஒருமுறை சட்டையில் பெயரை உட்புறமாகத் தைத்துவிட்டான். வெளியிலிருந்து பார்த்தால் முடிச்சுகள்தான் தெரியும். "உள்ளே இருப்பவன் நான்தானே, எனக்குத் தெரிந்தால் போதாதா?" என்றான். பிரித்து மறுபடி தைக்கச் சொன்னேன், தைத்தான். என் பயிற்சியின் முதல் கோடையும் அவனுடைய மூன்றாம் கோடையும் ஒன்றாக வந்தன.

மூன்றாம் கோடையின் கடைசித் தேர்வு இது. ஒவ்வொருவனுக்கும் ஒரு வரைபடமும் திசைகாட்டியும் கொடுத்து, தனித்தனியாக அனுப்புவார்கள். தெமோதரைப் பக்கத்து மலை ஒன்றில் நட்டிருக்கும் கொடியைத் தொட்டுவிட்டு மாலை மணிக்கு முன் திரும்பவேண்டும். வழியில் யாரையும் எதுவும் கேட்கக்கூடாது. கேட்டால் தேர்வு போயிற்று. "கடலில் யாரைக் கேட்பாய்?" என்பார் கமாண்டர். தேயிலைக்கு நடுவே, ஆயிரம் கண் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில், அந்தப் பையன்கள் கடலில் போகிறவர்களைப் போலவே போவார்கள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்து ஜனங்கள் சலாம் வைத்தாலும் தலையசைப்பதோடு சரி.

அன்று மதியத்துக்குப் பிறகு இடியும் மழையும். பின்னால் மூடுபனி. மாலை மணி அடித்தபோது எல்லாரும் வந்துவிட்டார்கள், பென்டனைத் தவிர. உடனே தேடப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். விடிந்ததும் கமாண்டரே கிளம்பினார். சிஸ்டர் தூக்குக்கட்டிலோடு கிளம்பி, "நீயும் வா, அங்கே பேச ஆள் வேண்டும்" என்றார்.

வரைபடத்தில் அவன் பாதை ஒரு தோட்டத்தின் வழியாகப் போயிற்று. நாங்கள் போனபோது காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டு முடிந்து பெண்கள் கூடையோடு நின்றார்கள். கமாண்டர் அந்தத் தோட்டத்துக் கங்காணியை வைத்து விசாரித்தார். கங்காணிக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும்; துரை கேட்டதை அந்தப் பெண்களிடம் தமிழில் கேட்டார்.

"கப்பல் சின்னத்தொர இப்படிக் கீழ போனாரா?"

"ஆமாங்க."

"இல்ல, ஓடையத் தாண்டி மேல போனாரா?"

"ஆமாங்க."

"திரும்பி வந்தாரா?"

"ஆமாங்க தொர."

கமாண்டரின் காது சிவந்தது. இவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நினைத்திருப்பார். பொய் இல்லை. தோட்டத்தில் துரை கேள்வி கேட்டால் அவருக்கு வேண்டிய பதிலும் அதற்குள்ளேயே இருக்கும். அதை எடுத்துக் கொடுப்பது மரியாதை, முதுகுக்கும் நல்லது. தெரிந்துகொள்வதற்காக ஒரு துரை அவர்களைக் கேட்டதே இல்லை. பென்டன் எங்கோ கிடக்கிறான், நேரம் போய்க்கொண்டிருக்கிறது. நான் சிஸ்டரைப் பார்த்தேன். "போ" என்றார்.

பெண்களில் ஒருத்தி, மாரியாயி என்று பெயர், நான் வருவதைப் பார்த்து இடுப்பில் கை வைத்தாள். "நீ யாரு புள்ள? வெள்ளச் சீலையும் நீயும்."

"பதுளைக்கு நடக்குற தப்பால்காரர் பெரியசாமி மக."

"அட, அந்த மனுசன் மகளா. நடையிலயே தெரியுது, பின்னால நாய் தொரத்துற நடை."

மற்றவர்கள் சிரித்தார்கள். நான் சொன்னேன்: "அக்கா, நான் கேள்வி ஒண்ணும் கேக்கல. நேத்து என்ன பாத்தீங்களோ அத நீங்களே சொல்லுங்க. நான் திருப்பிச் சொல்றேன். தப்பாச் சொன்னா திட்டுங்க."

"திட்டுறதா? அது நல்லா வரும் நமக்கு." கூடையை இறக்கி வைத்தாள். "மத்தியானம் கொழுந்து நிறுக்கிறதுக்கு முன்னால மேல கொடி நட்ட பக்கமிருந்து வந்துச்சு ஒரு சின்னத்தொர. கையில வட்டமா ஒரு கடியாரம். அதயே பாத்துக்கிட்டு வருது, எங்களப் பாக்கல. நேரா மண்ணு சரிஞ்ச பக்கம் போகுது. தொர, அங்கிட்டுப் போகாதீங்கன்னு சொன்னேன். ரெண்டு கையையும் விரிச்சு மறிச்சேன். தொப்பியக் கழட்டிச்சு, சிரிச்சுச்சு, கடியாரத்தக் காட்டுச்சு, அந்தப் பக்கமே போயிருச்சு. பாவம் ஊமத் தொர போலன்னு இவ சொன்னா. இல்லடி, நேரம் பாத்துப் போறாரு, எங்கயோ விருந்துன்னு நான் சொன்னேன்."

திருப்பிச் சொன்னேன். மண் சரிந்த இடம் ஓடைக்கு அந்தப் பக்கம் என்று நானே முடிவு செய்து அதையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன், வரைபடம் அப்படித்தான் போயிற்று.

"எவ சொன்னா அந்தப் பக்கம்னு? ஓடைக்கு இந்தப் பக்கம், கவ்வாத்து வெட்டின மலைக்கு அடியில. ஓடையத் தாண்டவே இல்ல."

மறுபடி சொன்னேன். "இப்ப சரி" என்றாள். நான் போய்க் கமாண்டரிடம் இங்கிலீஷில் சொன்னேன். அவர் என்னைப் பார்த்து நின்று, நான் சொன்னதை வரிக்கு வரி திருப்பிச் சொன்னார். பழக்கம்தான். ஆனாலும் ஒரு துரை என் சொல்லைத் திருப்பிச் சொல்லக் கேட்டது அன்று ஒருநாள்தான். வெகு நாட்களுக்கு அது என் காதில் இருந்தது.

அவன் அங்கேதான் கிடந்தான். சரிவுக்குக் கீழே, பள்ளத்தில், ஒரு கால் தப்பான பக்கம் திரும்பியிருந்தது. ஈர மண் இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது. சிஸ்டரின் முழங்கால் அந்தச் சரிவில் இறங்காது. பூட்ஸ் போட்டவர்கள் இறங்கினால் மண்ணும் கூடவே இறங்கும். நிழல் மரமொன்றில் கயிறு கட்டித் தோட்டத்து ஆட்கள் இருவர் முதலில் இறங்கினார்கள். சிஸ்டர் என் வெறுங்காலைப் பார்த்தார். "இறங்கு. நான் சொல்வதை மட்டும் செய்."

"இறங்குகிறேன். நீங்கள் சொல்வதை மட்டும் செய்கிறேன்."

மேலிருந்து மூடுபனிக்குள் அவர் குரல் மட்டும் வந்தது. முதலில் தொடாதே, பேசு என்றார். பேசினேன். பென்டனின் உதடு நீலமாக இருந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டான். "நான் கொடியைத் தொட்டுவிட்டேன். யாரையும் கேட்கவில்லை" என்றான்.

"தெரியும்."

"அப்படியானால் நான் தேறிவிட்டேன்தானே?"

"முதலில் காலைப் பார்ப்போம்" என்றேன்.

கால்சட்டையைத் தையல் வழியே பிரிக்கச் சொன்னார். எலும்பு வெளியே வரவில்லை. பூட்ஸின் கயிற்றை அறுத்துக் கழற்றினேன். நீளமான நேர்க்குச்சி வேண்டும், இடுப்பிலிருந்து குதிகால் வரை என்றார். கவ்வாத்தில் வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சிகள் கோணலாக இருந்தன. மேலே கத்தினேன். கொழுந்து எடுக்கும்போது செடி மட்டம் பார்க்க வைத்திருக்கும் மட்டக்கம்பை மாரியாயி எறிந்தாள், பின்னாலேயே இன்னொருத்தியுடையது, இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்குகளும் இரண்டு கம்பளிகளும் வந்து விழுந்தன.

"இப்போது ஓர் ஆள் குதிகாலையும் பாதத்தையும் பிடித்து, தன் பக்கமாக மெல்ல இழுக்கவேண்டும். இழுத்த பிறகு நீ கட்டி முடிக்கும்வரை விடவே கூடாது. நடுவில் விட்டால் முன்னைவிடக் கேடு."

திருப்பிச் சொன்னேன். பிறகு முன்னால் இறங்கியிருந்த இருவரில் ஒருவரிடம், "அண்ணே, நான் சொல்ற வரைக்கும் விடாதீங்க. கத்தினாலும் விடாதீங்க" என்றேன்.

"கத்தட்டும் தாயி. நான் எத்தன மாட்டுக்குக் காலு கட்டியிருக்கேன்."

பென்டன் கத்தினான். அவர் விடவில்லை. சாக்கை மடித்து உள்ளே வைத்து, கம்பு இரண்டையும் இரு பக்கமும் வைத்து, என் சீலை முந்தானையைக் கிழித்துக் கட்டினேன். முறிவுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, முறிவின் மேல் ஒன்றும் இல்லை. முடிச்சு கம்பின் மேல், சதையின் மேல் அல்ல. கடைசியாக இரண்டு பாதங்களையும் சேர்த்துக் கட்டினேன். ஒவ்வொன்றையும் அவர் சொல்ல, நான் சொல்ல, பிறகு கை செய்தது.

"விரல்கள் என்ன நிறம்?"

"வெள்ளை."

"பெருவிரல் நகத்தை அழுத்தி விடு. சிவப்புத் திரும்புகிறதா?"

திரும்பவில்லை. அவருக்குச் சொன்னேன். "கீழ்க்கட்டைத் தளர்த்து. அவிழ்க்காதே. மறுபடி பார்." தளர்த்தினேன். அழுத்தினேன். மழை பெய்த மண்ணில் முழங்காலிட்டு அந்த நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரத்திலிருந்து இளஞ்சிவப்பு ஊறி வந்தது. "திரும்புகிறது" என்று மேலே பார்த்துக் கத்தினேன்.

மேலே கொண்டுவந்ததும் சிஸ்டர் ஒவ்வொரு முடிச்சையும் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. "வண்டியில் இவன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்" என்றார். காசிம் நானா அன்று மாட்டைக் கல்லுக்குக் கல் பார்த்து நடத்தினார்.

பென்டன் பிழைத்தான். கால் கூடியது, ஆனால் சற்றுக் குட்டையாகக் கூடியது. கமாண்டர் கட்டிலருகே வந்து நின்று, தேர்வில் அவன் தேறிவிட்டான் என்றும், அந்தக் காலோடு கடலுக்குப் போக முடியாது என்றும் ஒரே மூச்சில் சொன்னார். பென்டன் இரண்டையும் திருப்பிச் சொன்னான். நான் போர்வை மடித்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு கடினமான குரலை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை. கூட்டாளிகள் போன பிறகும் சில வாரம் வராந்தாவில் காலை நீட்டிக்கொண்டு, யார் யாருடைய சட்டையையோ வாங்கித் தைத்துக்கொண்டிருந்தான். தையல் அதற்குள் நேராகியிருந்தது.

அந்தப் பருவம் முடிந்தபோது சிஸ்டர் சொன்னார்: "அடுத்த கோடையில் உனக்குக் கீழே இரண்டு பெண்களைத் தருகிறேன்." மழைக்காலம் முழுவதும் அந்த இரண்டு பெண்கள் என் மனதில் நடமாடினார்கள். துணி அறையில் யாரும் இல்லாதபோது கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்று, தப்பைப் பார்த்தும் வாய் திறக்காமல் இருக்கப் பழகிப் பார்ப்பேன்.

அந்தக் கோடை வரவில்லை. யுத்தம் வந்தது. பையன்கள் பயிற்சி முடியாமலே போர்க் கப்பல்களுக்குப் போய்விட்டார்கள். சிஸ்டருக்கு ஆஸ்பத்திரிக் கப்பலில் போகும்படி உத்தரவு. பண்டாரவளை ஸ்டேஷனில் ரயில் நகர்வதற்கு முன் என்னிடம், "துணி அறையைப் பார்த்துக்கொள். நான் திரும்பி வரும்வரை" என்றார்.

"துணி அறையைப் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் திரும்பி வரும்வரை."

அவர் திரும்பி வரவில்லை. ஒரு செய்தியும் வரவில்லை. முகாமில் காயம்பட்டவர்கள் வந்தார்கள், போனார்கள். அவர்களுக்குக் கட்டுப் போட்டேன், காய்ச்சல் பார்த்தேன், சாகிறவர்களின் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆனாலும் நான் துணி அறைக்காரிதான். பழக்கிவிட ஆள் இல்லை. இடையில் கொழும்புக்குப் போய்ப் படி என்று சிலர் சொன்னார்கள். வாங்கிய உத்தரவை எப்படி விட்டுப் போவது? ஒவ்வொரு சித்திரையிலும் புல்மலையில் வெயில் மஞ்சளாகும்போது, ஸ்டேஷன் பக்கமிருந்து பூட்ஸ் சத்தம் கேட்கிறதா என்று காது போகும். விடியற்காலையில் தரை தேய்க்கும் ஓசை, ஈரப் பலகை வாசனை, மணிக்குப் பிறகு ஒரு நிமிடம் எல்லாம் அடங்கும் அந்த அமைதி, ஒன்றும் சொல்லாமல் அடுத்த வேலையைக் கொடுத்துவிட்டுப் போகும் அந்தக் குள்ள உருவம். இவற்றுக்காக ஏங்கியது போல நான் பிறந்த லயத்துக்காகக்கூட ஏங்கியதில்லை.

இப்போது துணி அறையே இல்லை. தகரத்தைக் கழற்றி ஏலம் போட்டுவிட்டார்கள். பார்த்துக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லாத உத்தரவை யாரிடம் திருப்பிக் கொடுப்பது என்று சில நாள் யோசித்தேன். கொடுக்க யாரும் இல்லை. நானே வைத்துக்கொண்டேன்.

பதுளை ஆஸ்பத்திரியில் பெண்களை எடுத்து நர்ஸ் வேலை பழக்கத் தொடங்கியிருக்கிறார்கள். போன வாரம் போனேன். பெரிய நர்ஸ் என் அனுபவத்தைக் கேட்டு மகிழ்ந்து, துணிப் பொறுப்பாளர் வேலை காலியாக இருக்கிறது, அறையும் நல்ல சம்பளமும் உண்டு, இன்றே சேரலாம் என்றார். பயிலுநராகச் சேரத்தான் வந்தேன் என்றேன். பழகுகிறவர்கள் எல்லாம் உன்னைவிடச் சின்னப் பெண்கள், முதலிலிருந்து மூன்று வருடம் ஆகும், தெரிந்ததையே மறுபடி செய்யவேண்டி வரும் என்றார். தெரியும் என்றேன்.

என் பெட்டி இப்போது பயிலுநர் விடுதியில், கதவோரத்துக் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. இதை அந்தக் கட்டிலில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். காலையில் எனக்கு ஆண்கள் வார்டு.